கியர்பாக்ஸ் கடகடப்புக்கு ஃப்ளைவீல்தான் காரணமா? மாற்றுமுன் செய்யவேண்டிய சோதனைகள்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், விக்டோரியா பார்க் வீதியிலிருந்து கிழக்கே நீளும் லோறன்ஸ் அவென்யூவில் சாப்பாட்டுக் கடைகளும் அதிகம், கார் கராஜ்களுக்கும் குறைவில்லை. மானுவல் கியர் உள்ள பழைய ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டீசல் ஒன்றைக் கொண்டுபோய், “நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று சத்தம் வருகிறது” என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். “டூயல் மாஸ் ஃப்ளைவீல் போய்விட்டது, கிளட்சோடு சேர்த்து மாற்றவேண்டும்” என்பது ஒன்று. “அந்தச் சாமானே தேவையில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் பூட்டினால் ஆயுளுக்கும் கவலையில்லை” என்பது மற்றது.

இரண்டுக்கும் கியர்பாக்ஸைக் கழற்றவேண்டும். இரண்டுமே சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சோதிக்காமல் எதற்கும் தலையாட்டக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைக் கியர்பாக்ஸைத் தொடாமல், ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்ற ஐடில் வேகத்தில் அது விநாடிக்கு ஏறக்குறைய 27 அடி. இந்த அடிகள் அப்படியே கியர்பாக்ஸுக்குள் போகும். நியூட்ரலில், கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது, கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதோடு பிணைந்த பல்சக்கரங்கள் சுமை எதுவும் இல்லாமல் சுற்றும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் அவை ஒன்றையொன்று தட்டும். கடகடப்பு அதுதான்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் இரண்டு தட்டுகளால் ஆனது. ஒன்று எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட்டோடு இறுகியிருக்கும், மற்றதில் கிளட்ச் அமரும். நடுவே கிரீஸில் மூழ்கிய வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சினின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்வதால் கியர்பாக்ஸ் பக்கம் சீராகச் சுழலும். ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985இல் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கார்களில், இன்றைக்கும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் உட்பட, ஒரே கட்டியான இரும்பு ஃப்ளைவீல்தான். சிறிய பெட்ரோல் எஞ்சின், குறைந்த இழுவிசை என்பதால் அவற்றுக்கு அது போதுமாயிருந்தது. குறைந்த சுற்றிலேயே பெரிய இழுவிசை தரும் டீசல்களில்தான் கதை மாறியது.

வழக்கமான ஆட்டோமேட்டிக் காரில் இந்த ஃப்ளைவீலின் இடத்தில் டார்க் கன்வேர்ட்டர் இருக்கும். அந்தக் கார்க்காரர்களுக்குக் கீழே தனிக் குறிப்பு ஒன்று உண்டு. ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கால் பெடல் இல்லாமல் ஓடினாலும் உள்ளே கிளட்சும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் உள்ளன. முதலாம், மூன்றாம் கட்டச் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

தொடங்குமுன்: இடமும் பாதுகாப்பும்

குளிர்காலத்தில் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது உயிரைப் பறிக்கும். கார்பன் மொனொக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவைப் பாதி திறந்து வைப்பதும் போதாது. காரை வெளியே முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்கதவு சாத்தியிருக்கட்டும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
2. கழுத்துச் சங்கிலி, மோதிரம், சால்வை, தொங்கும் காதணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நீண்ட கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். பெல்ட் ஓடும் பக்கம் கை போகவே கூடாது.
3. காருக்குள் ஒருவர், வெளியே ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். கைச் சைகைகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.
4. காரைத் தூக்கவேண்டி வந்தால் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். கோடையில் தார் முற்றம் இளகி ஸ்டாண்டின் கால் புதையும். அடியில் தடித்த பலகை போடுங்கள்.

இன்னொன்று. ரொறன்ரோ நகரசபை விதிப்படி, நிற்கும் வாகனத்தின் எஞ்சினை 60 நிமிடத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. பழுதுபார்ப்புக்குத் தேவைப்படும் ஓட்டத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ‘சூடேற்றுகிறோம்’ என்று முற்றத்தில் அரைமணி நேரம் ஓடவிடுவதில் பயனும் இல்லை, ஏனென்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் நின்ற இடத்தில் சரியாகச் சூடாகாது. இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

முதலாம் கட்டம்: வேறு குற்றவாளிகளை விலக்குங்கள்

ஃப்ளைவீல் மேல் பழி விழும் சத்தங்களில் கணிசமானவை அதனுடையவை அல்ல. வெக்ஸ்போர்ட்டை உள்ளடக்கிய ஸ்காபரோ வீதிகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டப்படும் உப்பு, புகைக்குழாய்க்கு மேலுள்ள மெல்லிய வெப்பத் தடுப்புத் தகட்டை நான்கைந்து வருடத்தில் அரித்துவிடும். ஒரு போல்ட் உதிர்ந்தாலே போதும், ஐடிலில் அந்தத் தகடு சரசரவென்று அதிரும். காருக்குள் இருப்பவர் காதுக்கு அது கியர்பாக்ஸ் போலவே கேட்கும்.

1. தகடு. எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு புகைக்குழாய் நெடுகத் தட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் அதை முதலில் இறுக்குங்கள்.
2. எஞ்சின் மவுண்ட். ரப்பர் கிழிந்திருந்தால் சாதாரண அதிர்வும் பெரிதாகக் கேட்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.
3. சிலிண்டர் தவறுதல். ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். பெட்ரோல் காரில் பி0300 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் ஒரு சிலிண்டரோ பலவோ ஒழுங்காக எரியவில்லை என்று பொருள். டீசலில் இன்ஜெக்டர்களுக்கு இடையே சமநிலை பார்க்கவேண்டும். ஒரு சிலிண்டர் சோம்பினால் எஞ்சினின் அடி சமமில்லாமல் போகும், நல்ல ஃப்ளைவீலே கடகடக்கும். இதைச் சரிசெய்யாமல் புதிய ஃப்ளைவீல் பூட்டினால் அதுவும் சீக்கிரமே அடிபடும்.
4. ஐடில் வேகம். காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக ஓடுகிறதா என்று அதே ஸ்கேனரில் பாருங்கள்.
5. கியர்பாக்ஸ் எண்ணெய். அளவு குறைந்திருந்தாலோ தவறான எண்ணெய் ஊற்றியிருந்தாலோ சத்தம் கூடும். எடுத்துக்காட்டாக, 1999–2003 ஜெட்டாவின் ஐந்து கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 தர எண்ணெய்தான் ஊற்றவேண்டும்.

எண்ணெய் பார்க்கும்போது ஒரு தவறு: வடிக்கும் போல்ட்டை முதலில் கழற்றாதீர்கள். மேலே ஊற்றும் துளையின் போல்ட் துருப்பிடித்து அசையாமல் போனால், எண்ணெய் இல்லாத கார் முற்றத்திலேயே கிடக்கும். ஊற்றும் போல்ட் சுழல்கிறது என்று உறுதியான பிறகே அடிப்பக்கம் கை வையுங்கள்.

இரண்டாம் கட்டம்: கிளட்ச் பெடல் சோதனை

ஐந்து காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் அதிகம் பேர் தலைகீழாக அர்த்தம் எடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

1. கார் நன்றாகச் சூடாகியிருக்கட்டும். ரேடியோ, விசிறி, ஏசி எல்லாம் நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள்.
2. நியூட்ரலில் வைத்து, கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டுக் கேளுங்கள்.
3. பெடலை மெதுவாக, இரண்டு மூன்று விநாடி எடுத்து, அடிவரை அழுத்துங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று கவனியுங்கள்.
4. அதே வேகத்தில் காலை எடுங்கள். மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள்.
5. வெளியே நிற்பவர் இடது முன்சக்கரப் பக்கமும் எஞ்சின் பெல்ட் பக்கமும் மாறி மாறி நின்று கேட்கட்டும்.
6. இப்போது ஏசியைப் போட்டு எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எஞ்சினுக்குச் சுமை கூடும்போது அடியும் பலமாகும்.

பெடல் மேலே இருக்கும்போது சத்தம், அழுத்தியதும் நின்றுவிடுகிறது என்றால் அது கியர்பாக்ஸுக்குள் நடக்கும் சத்தம். பெடலை அழுத்தியபோது உள்ளீட்டுத் தண்டு நின்றுவிட்டது, பற்களும் அமைதியாகிவிட்டன. ஃப்ளைவீலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். எது என்று அடுத்த கட்டத்தில் பிரிக்கலாம்.

பெடலை அழுத்தும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங் (கிளட்ச் பேரிங் என்றும் சொல்வார்கள்). அது மலிவான சாமான், ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றித்தான் எட்டமுடியும்.

பெடல் எங்கே இருந்தாலும் சத்தம் மாறவில்லை என்றால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் மறந்துவிட்டு பெல்ட், புல்லி, ஆல்டர்னேட்டர், வெப்பத் தகடு என்று தேடுங்கள்.

‘அழுத்தினால் நிற்கிறது, ஆகவே கிளட்ச் பேரிங்’ என்று முடிவுகட்டுவது பலர் செய்யும் பிழை. அழுத்தும்போது வேலை செய்யத் தொடங்கும் பேரிங் எப்படி அழுத்தும்போது அமைதியாகும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே வீண் செலவு ஒன்று மிச்சமாகும்.

குளிரும் சூடும். ரொறன்ரோவில் சனவரிக் காலை ஒன்றில் இந்தச் சோதனையைச் செய்தால் கார் பரிசுத்தமாக இருப்பதுபோல் தோன்றலாம். உறைகுளிரில் கியர் எண்ணெய் தேன்போல் கெட்டியாகிப் பற்களைப் பிடித்து வைத்திருக்கும். அதே கார் ஒரு மணிநேரம் 401 நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு வந்தால் கடகடக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். குளிர்ந்த காரைக் காட்டி ‘சத்தமே இல்லை’ என்றால், ஓட்டிச் சூடாக்கி மறுபடி கேளுங்கள்.

மூன்றாம் கட்டம்: ஃப்ளைவீலா, பேரிங்கா

இரண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்தாலும் குணம் வேறு. பேரிங் தேய்ந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும், வேகம் ஏற ஏற சுருதியும் ஏறும். ஃப்ளைவீல் தளர்ச்சியால் வருவது ஒழுங்கில்லாத கடகடப்பு. ஐடிலில் உச்சத்தில் இருக்கும், சுற்று ஏறினால் அடங்கும்.

1. நியூட்ரலில், பெடலில் கால் இல்லாமல், ஐடிலில் கேளுங்கள்.
2. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி 1000 சுற்றில் நிறுத்துங்கள். பிறகு 1200, பிறகு 1500.
3. 1200ஐத் தாண்டும்போது கடகடப்பு தேய்ந்து மறைந்தால் சந்தேகம் ஃப்ளைவீல் மேல். ஊளையாக உயர்ந்துகொண்டே போனால் பேரிங் மேல்.
4. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் அதன் கம்பியைக் கியர்பாக்ஸ் உடலின் பல இடங்களில் வைத்துக் கேளுங்கள். பேரிங் சத்தம் ஓர் இடத்தில் கூர்மையாக இருக்கும்.

அடுத்து எஞ்சினை அணைக்கும்போதும் கேட்கவேண்டும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஐடிலிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும் அந்த ஒரு விநாடியில், டூயல் மாஸ் ஃப்ளைவீல் தன் ஒத்ததிர்வு வேகத்தைக் கடந்து போகிறது. நல்ல நிலையில் இருந்தால் ஒரு மெல்லிய குலுக்கலோடு நிற்கும். ஸ்பிரிங் முறிந்தோ கிரீஸ் வற்றியோ இருந்தால் ‘டக், டக், டடக்’ என்று இரும்பில் இரும்பு மோதும். ஸ்டார்ட் செய்யும்போதும் அதே மோதல் வரலாம். ஒருமுறை பெடலை அழுத்தியபடியும் ஒருமுறை அழுத்தாமலும் அணைத்து ஒப்பிடுங்கள். ஸ்டார்ட் பண்ண பெடலை அழுத்தித்தான் ஆகவேண்டிய கார்களில் அணைக்கும்போது மட்டும் பாருங்கள்.

பேட்டரி வலுக்குறைந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும் இதே மோதல் சத்தம் வரும். குளிர்காலத்தில் ஃப்ளைவீலைக் குறைசொல்லுமுன் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

நான்காம் கட்டம்: வீதியில்

சன நெரிசல் இல்லாத நேரமும் தெருவும் வேண்டும். வார்டன், பேர்மசி வீதிகளையொட்டிய தொழிற்பேட்டைத் தெருக்கள் ஞாயிறு காலையில் பெரும்பாலும் வெறிச்சோடியிருக்கும். லோறன்ஸ் அவென்யூவில் இதைச் செய்யாதீர்கள்.

1. மூன்றாம் கியரில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 1300 இருக்கும்படி மெதுவாகப் போங்கள்.
2. ஆக்ஸிலரேட்டரை அரைவாசி அழுத்துங்கள். மூன்று நான்கு விநாடி மட்டும்.
3. உறுமலோடு சேர்ந்து தரை வழியாகக் கடகடப்பு வந்து, 1800க்கு மேல் மறைகிறதா என்று பாருங்கள்.
4. காலை எடுத்துவிட்டு எஞ்சின் இழுவையில் வேகம் குறையவிடுங்கள். அப்போதும் சத்தம் வருகிறதா?

இதை நெடுநேரம் செய்யக் கூடாது. குறைந்த சுற்றில் பெரிய சுமை ஏற்றி ஓட்டும் பழக்கம்தான் இந்த ஃப்ளைவீலின் ஆயுளைக் குறைக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஐந்தாம் கியரிலேயே மேடேறுகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கைக் கராஜில் கட்டுகிறார்கள்.

ஐந்தாம் கட்டம்: ஸ்டார்ட்டர் துளை வழியே

பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் ஃப்ளைவீலின் விளிம்பு தெரியும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் ஒரு பக்கம் பட்டாலே தீப்பொறி பறக்கும்.

டார்ச் அல்லது போனோடு இணைக்கும் சிறு கேமராவைத் துளைக்குள் விட்டு இவற்றைப் பாருங்கள்: பூட்டியிருப்பது இரண்டு தட்டுகளா ஒற்றைக் கட்டியா, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருக்கிறாரா, கருநிறக் கிரீஸ் சிதறியிருக்கிறதா, கிளட்ச் பக்கத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு உள்ளதா. கிரீஸ் கணிசமாக வெளியே வந்திருந்தால் அந்த ஃப்ளைவீலின் காலம் முடிந்தது. ஒற்றை ஃப்ளைவீல் ஏற்கெனவே இருந்தால், கேட்கிற கடகடப்பு அந்த மாற்றத்தின் விளைவாகவே இருக்கக்கூடும். சாமான் எதுவும் பழுதாகியிருக்கத் தேவையில்லை.

ஆறாம் கட்டம்: கியர்பாக்ஸ் இறங்கியபின் அளவெடுத்தல்

கியர்பாக்ஸை இறக்குவது தனியாள் வேலையல்ல. அதற்கென்று உள்ள ஜாக் இல்லாமல் முயலவேண்டாம். கராஜில் கொடுத்தால், “ஃப்ளைவீலை மாற்றுமுன் அளந்து காட்டுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் அணியுங்கள்.

*சுழற்சித் தளர்வு*

1. கிராங்க்ஷாஃப்ட் சுற்றாதபடி பூட்டுங்கள்.
2. கிளட்ச் அமரும் தட்டை வலப்பக்கமாகத் திருப்புங்கள், ஸ்பிரிங் எதிர்க்கும்வரை. மெதுவாக விட்டு, அது தானே தளர்ந்து நிற்கும் இடத்தில் விளிம்பில் கோடு போடுங்கள்.
3. இடப்பக்கம் அதேபோல் திருப்பி, தளரவிட்டு, அந்த இடத்திலும் கோடு.
4. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள ரிங் கியர் பற்களை எண்ணுங்கள். ஒரு பல் எத்தனை பாகை என்பதற்கு 360ஐ மொத்தப் பற்களால் வகுக்கவேண்டும். 135 பல் என்றால் பல்லுக்கு 2.67 பாகை. நான்கு பல் தளர்வு என்றால் 10.7 பாகை.

*சாய்வுத் தளர்வு*

1. டயல் கேஜைத் தட்டின் விளிம்பில் வையுங்கள்.
2. தட்டை மெல்ல உள்ளே தள்ளி, மெல்ல வெளியே இழுத்து, முள் எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். பலங்கொண்டு இழுத்தால் அளவு பொய்யாகும்.

எவ்வளவு தளர்வு அனுமதிக்கப்படும் என்பதற்குப் பொதுவான எண் எதையும் நம்பவேண்டாம். புத்தம் புதிய ஃப்ளைவீலிலும் தளர்வு இருக்கும், சிலவற்றில் அதிகமாகவே இருக்கும். சாமான் எண்ணுக்கு ஏற்ற அட்டவணையைத் தயாரித்த நிறுவனம் தருகிறது. கையால் ஆட்டிப் பார்த்து “பாருங்கள், எப்படி ஆடுகிறது” என்று காட்டுவது சோதனையாகாது. அட்டவணையைக் கேளுங்கள்.

எக்ளின்ரன் அவென்யூவுக்கு வடக்கே, பேர்மசிக்கும் வார்டனுக்கும் இடையே, சென்டெனியல் கல்லூரியின் அஷ்டன்பீ வளாகம் இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இடம் அது. அதற்குச் சற்றுத் தெற்கே, கோல்டன் மைல் பகுதியில்தான் ஜெனரல் மோட்டர்ஸின் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்படும்வரை இயங்கியது. வெக்ஸ்போர்ட்டைச் சுற்றி இந்த அளவெடுப்பைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்ராறியோவில் காசுக்குக் கார் திருத்துபவருக்கு 310எஸ் உரிமம் கட்டாயம் என்பதால், அதைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

அப்படியானால் அது தேவையா?

ஒற்றை ஃப்ளைவீலோடும் கார் ஓடும். தேவை என்பது சத்தத்தையும் கியர்பாக்ஸின் ஆயுளையும் பொறுத்தது. நடைமுறை உதாரணங்கள் தெளிவாகவே பேசுகின்றன.

1999–2003 ஜெட்டாவின் 1.9 லிட்டர் டீசல் 90 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் இழுவிசை உடையது. வட அமெரிக்காவில் இந்தக் கார் வைத்திருப்பவர்களில் பலர் ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி60 எஞ்சினுக்குரிய கனமான ஒற்றை ஃப்ளைவீலையும் விஆர்6 கிளட்சையும் பூட்டி ஓட்டுகிறார்கள். கிளட்ச் தட்டின் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் அடியை ஓரளவு வாங்கிக்கொள்கின்றன. ஐடிலில் சத்தம் சற்றுக் கூடும், ஆனால் தாங்கலாம். அதே ஜெட்டாவின் 2009ஆம் ஆண்டு 2.0 லிட்டர் டீசலில் இழுவிசை 320 நியூட்டன் மீட்டர். அங்கே அடி பலம், ஒற்றை ஃப்ளைவீலின் கடகடப்பும் பலம்.

நிஸான் 350இசெட் டூயல் மாஸ் ஃப்ளைவீலோடு வந்த கார். வேகம் விரும்பி இலேசான அலுமினிய ஃப்ளைவீல் போட்டவர்களுக்கு, சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் கடகடப்பது தெரிந்த கதை. எடை குறையக் குறைய எஞ்சினின் அடியை அடக்கும் ஆற்றலும் குறைகிறது. 7.3 லிட்டர் ஃபோர்ட் பவர் ஸ்ட்ரோக் பிக்கப் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி. அவர்கள் இழுப்பது பெரிய சுமை, டீசலின் உறுமலோ ஊரைக் கூட்டும். ஐடில் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஒற்றை ஃப்ளைவீல் பூட்டுவது அவர்களிடையே சாதாரணம்.

ஆகவே தேவையைச் சோதிக்கும் நேரான வழி இது: அதே மாடல், அதே எஞ்சின், ஒற்றை ஃப்ளைவீல் பூட்டிய ஒரு காரைத் தேடிப் பிடியுங்கள். கராஜ்காரரிடமே கேளுங்கள், பூட்டிக் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் இருப்பார். அரைமணி நேரம் ஓடிச் சூடானபின், ஏசி போட்டு, கண்ணாடி இறக்கி, நியூட்ரலில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். அந்தச் சத்தத்தோடு தினமும் வேலைக்குப் போய்வர முடியும் என்று தோன்றினால் மாற்றலாம். அப்படி ஒரு கார் கிடைக்காவிட்டால், ஸ்காபரோ போல விளக்குக்கு விளக்கு நின்று போகும் ஊரில் ஓடும் குடும்பக் காருக்கு டூயல் மாஸ் ஃப்ளைவீலை விட்டுவிடாமல் இருப்பதே நல்லது. டிஎஸ்ஜி காரில் ஒற்றை ஃப்ளைவீல் பரீட்சையே வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கியர் சத்தத்தை அடக்கவென்றே வைத்த உறுப்பு எஞ்சினுக்குள்ளும் உண்டு. 1990களின் நான்கு சிலிண்டர் டொயோட்டா கேம்ரியில் ஒரு கேம்ஷாஃப்டைப் பெல்ட் சுழற்றும், அது பல்சக்கரம் வழியாக மற்றதைச் சுழற்றும். அந்தப் பல்சக்கரத்தோடு ஸ்பிரிங் விசையில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய துணைச் சக்கரம், பற்களுக்கு இடையிலான வெளியை மூடி, தட்டும் சத்தத்தை நிறுத்துகிறது. வால்வ் வேலைக்காகக் கேம்ஷாஃப்டைக் கழற்றுமுன் அந்தத் துணைச் சக்கரத்தை 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றால் பிரதான சக்கரத்தோடு பூட்டியே ஆகவேண்டும். பூட்டாமல் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரம் திரும்பிவிடும், கேம்ஷாஃப்டே சேதமாகலாம். திரும்பப் பூட்டி முடித்தபின் அந்தப் போல்ட்டை எடுக்க மறக்கவும் கூடாது.

பூட்டும்போது

ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீளும் வகையைச் சேர்ந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். தவறிக் கீழே விழுந்த டூயல் மாஸ் ஃப்ளைவீலைப் பூட்டக் கூடாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே பேரிங் அடிபட்டிருக்கலாம். தேய்ந்த முகத்தைக் கடைசல் பிடித்துச் சரிசெய்து தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள், இந்த வகைக்கு அதை லுக் நிறுவனமே அனுமதிப்பதில்லை. பெட்ரோலிலோ கழுவும் இயந்திரத்திலோ முக்கினால் உள்ளே உள்ள கிரீஸ் கரைந்துவிடும். முகத்தை மட்டும் துணியில் கரைப்பான் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2002இன்படி, கராஜ் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். இறுதிக் கட்டணம் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய சாமான்களையும் உங்களுக்குத் திருப்பித் தர முன்வரவேண்டும். பழைய ஃப்ளைவீல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, வாங்கி, மேலே சொன்ன இரண்டு அளவையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். புதிய சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. பில்லில் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். 4,500ஐ எட்டும்போது, எண்ணெய் நன்றாகச் சூடான ஒரு நாளில், கிளட்ச் பெடல் சோதனையை இன்னொரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.